கள்ளுக்குடங்களுக்கு மேலே

நைல் நதியின் மேற்குக் கரையில் ஓர் ஊர் இருந்தது. அரசர்களுக்குக் கல்லறை குடைகிறவர்களின் ஊர். அங்கே நக்தி என்ற ஓவியரிடம் பென்பூய் சீடராக இருந்தார். ஆசானுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

தண்ணீர் சுமந்து கழுதைகள் வந்து நிற்கும் இடத்தில் பெண்கள் கூடினால், "தாத்தா படிக்கப் போகிறார் பார்" என்று சிரிப்பார்கள். பென்பூய் திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பத்தைந்து வருஷம் மலையிலிருந்து கல் இறக்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்து செய்கிற வேலைதான் இனி முடியும்.

வந்த முதல் நாள் நக்தி கேட்டார். "என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?"

"என் பெயர்."

"அப்புறம்?"

"அப்புறம் வண்ணம் அரைக்கிறேன், கல் தேய்க்கிறேன், சொன்னதைப் பார்த்து வரைகிறேன். எழுத்தில் என் பெயர் மட்டும் போதும். எது என் பெயர், எது இல்லை என்று தெரிய வேண்டும்."

"அதுவே போதுமா?"

"இன்னொரு முறை எவனும் என்னை ஏமாற்றக் கூடாது. இன்னொன்று ஆசானே. வயதில் பெரியவன் என்று என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிடாதீர்கள்."

"வேறு எப்படிக் கூப்பிடுவது?"

"பெயர் சொல்லுங்கள். அதற்குத்தானே பெயர் வைத்தார்கள்."

நக்தி காதில் செருகியிருந்த நாணல் தூரிகையை எடுத்தார். ஒரு கல் சில்லில் பென்பூய் என்று எழுதினார். அவர்கள் எழுத்து சின்னச் சின்னப் படங்கள்தான்; பெயரின் கடைசியில் இரண்டு நாணல் தட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பென்பூய் அந்தச் சில்லை இடுப்பில் முடிந்துகொண்டு போனார். இரண்டு வருஷமாக அது அங்கேதான் இருந்தது.

ஒரு நாள் காலையில் பட்டறை முற்றத்தில் புதுக் கல் ஒன்று நின்றது. இடுப்பளவு உயரம். மேல் பக்கம் வளைந்து, பால் மாதிரி வெள்ளை.

"இந்தக் கல்லை நீங்களே முழுக்கச் செய்யுங்கள், பென்பூய்" என்றார் நக்தி. "செத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே பலகையில் ரொட்டி, வாத்து, வெங்காயம். ஒருவர் நின்று தண்ணீர் ஊற்றுகிறார். கீழே வேண்டுதல் வரி. எழுத்தை நான் சில்லில் எழுதித் தருகிறேன்."

முதல் முறையாக ஒரு முழுக் கல். பென்பூய் அதைத் தடவிப் பார்த்தார். நல்ல கல். உடம்பில் எங்கும் விரிசல் இல்லை.

"செத்தவர் யார்?"

"கெனா."

பென்பூய் கையை எடுத்துவிட்டார்.

கெனா அவருடைய தம்பி. பத்தொன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. ஒரே தெருவில் வீடு. தம்பி எதிரே வந்தால் அண்ணன் சுவரைப் பார்ப்பார். முப்பது நாளைக்கு முன் கெனா செத்தபோதும் பென்பூய் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிவிடலாம் அல்லவா.

கோபத்துக்குக் காரணம் ஒரு கல்தான்.

அவர்களுடைய அப்பா இரண்டு பிள்ளைகளில் ஒருவனைத்தான் எழுத்துப் படிக்க அனுப்ப முடிந்தது. பெரியவன் தோள் அகலமாக இருந்தான். அவன் மலைக்குப் போனான். சின்னவன் பள்ளிக்குப் போனான். அப்பா செத்தபோது அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். மலையிலிருந்து அந்தக் கல்லைத் தனி ஆளாக முதுகில் சுமந்து இறக்கியவர் பென்பூய். எழுத்து வேலை எல்லாம் கெனாவின் பொறுப்பு. மலைச்சரிவில் கல்லறை முன்னால் கல்லை நிறுத்தியதும் கெனா அண்ணனின் கட்டைவிரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தான். கீழே வரிசையாகச் செதுக்கிய கள்ளுக்குடங்கள். அவற்றுக்குச் சற்று மேலே.

"இங்கே இருக்கிறது அண்ணே, உன் பெயர்."

பதினொரு வருஷம் பென்பூய் அந்த இடத்தை விடவில்லை. அமாவாசை தவறாது, பண்டிகை தவறாது. தண்ணீர் ஊற்றுவார். கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துத் தேய்த்து, பிறகு உதட்டில் வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் மனைவி, "கையைக் கழுவிவிட்டு ரொட்டியைத் தொடு, விரல் சிவந்து கிடக்கிறது" என்பாள். "அப்பா என் கையைப் பிடித்தார்" என்று இவர் சிரிப்பார்.

பன்னிரண்டாம் வருஷம் பெருவிழாவுக்குக் கோயில் எழுத்தர் ஒருவர் மலைக்கு வந்தார். ஊரே கூடியிருந்தது. பென்பூய் பெருமையாக அவரைக் கூட்டிப் போய், "ஐயா, என் பெயரைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்" என்று கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.

எழுத்தர் குனிந்து பார்த்தார். "இங்கே கள்ளுக்குடம்தான் இருக்கிறது."

"நன்றாகப் பாருங்கள் ஐயா."

"மூன்று கள்ளுக்குடம். 'இவர் மகன் கெனா' என்று மேலே ஒரு பெயர் இருக்கிறது. வேறு மகன் யாரும் இந்தக் கல்லில் இல்லை."

கூட்டம் சிரித்தது. அன்று தொடங்கிய சிரிப்பு. பிறகு பல வருஷம் அவர் தெருவில் நடந்தால், "கள்ளுக்குடத்தார் வருகிறார், தளும்பாமல் வழி விடுங்கள்" என்பார்கள்.

அன்று இறங்கியவர் பிறகு அப்பாவின் கல்லிடம் போகவே இல்லை. தம்பியின் பெயரையும் வாயால் சொல்லவில்லை.

இப்போது தம்பிக்குக் கல் செய்யச் சொல்கிறார் ஆசான்.

"ஆசானே, ஒரு கேள்வி."

"கேளுங்கள்."

"அண்ணனுக்குப் பெயர் எழுதாமல் விட்டவனுக்கு, அண்ணன் ஏன் பெயர் எழுத வேண்டும்?"

நக்தி கல்லை ஒரு பார்வை பார்த்தார். "செய்து முடியுங்கள். முடித்ததும் சொல்கிறேன்" என்றார்.

நடுப்பகலில் ஹெனுத் வந்தாள். கெனாவின் மனைவி. பிள்ளை இல்லாதவள். துக்கத்துக்கு முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். முற்றத்தின் ஓரத்தில் நின்றபடியே பேசினாள்.

"மூத்தவரே, கல் உங்களிடம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன்."

"நான் கேட்டு வாங்கவில்லை."

"தெரியும். நான்தான் ஆசானிடம் கேட்டேன்."

பென்பூய் வண்ணம் அரைப்பதை நிறுத்தினார். "ஏனம்மா? ஊரில் வேறு ஆள் இல்லையா?"

"அவர் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் ஊற்றுகிற ஆளாக உங்களை வரைய வேண்டுமாம். எங்களுக்கு மகன் ஏது?"

"என்னையா? கள்ளுக்குடம் எப்படியம்மா தண்ணீர் ஊற்றும்?"

ஹெனுத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எழுதினேன், என் கையால் எழுதினேன் என்று கடைசி நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் கிடந்தார். உங்கள் அப்பா கல்லைச் செதுக்கியவன் வேலை முடித்துப் போய்விட்டானாம். மறுநாள் அடக்கம். அதனால் உங்கள் வரியை மட்டும் இவரே வண்ணத்தில் எழுதினாராம்."

"எழுதியது எங்கே? இறக்கை முளைத்துப் பறந்துவிட்டதா?"

"நீங்களே சுரண்டி எடுத்துவிட்டு, ஊரைக் கூட்டி அவரை அவமானப்படுத்தினீர்கள் என்று அவர் நினைத்தார்."

"நானா?" பென்பூய் எழுந்தே விட்டார். முழங்கால் வலித்தது. மறுபடியும் உட்கார்ந்தார். "என் பெயரை நானே சுரண்டுவேனா? கேட்டவன் காறித் துப்புவான்."

"அவரும் இதைத்தான் சொல்வார். எழுதிய பெயர் எங்கே போகும், கேட்டவன் துப்புவான் என்று." முக்காட்டால் மூக்கைத் துடைத்தாள். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், அதில் சந்தேகம் இல்லை. மூத்தவரே, எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் காட்டுகிற இடத்தில்தான் நான் தண்ணீர் ஊற்றப் போகிறேன். பெயர் இல்லாத கல்லுக்கு செத்தவர்கள் இருக்கிற அந்தப் பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டிகூடப் போகாது. அவர் பசி தாங்க மாட்டார். அது உங்களுக்கே தெரியும்."

அது பென்பூய்க்குத் தெரியும். சின்ன வயதில் தம்பி அடுப்புச் சாம்பலில் விழுந்த ரொட்டியைக்கூட ஊதித் தின்பான். அதை நினைத்ததும் அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

வேலை நடந்தது. நாட்கள் போயின. உடலைப் பதப்படுத்த எழுபது நாள் ஆகும். எழுபது முடிந்தால் அடக்கம்.

பென்பூய் நன்றாகவே செய்தார். கோபக்காரர் என்றாலும் கைக்குக் கோபம் தெரியாது. நாற்காலியின் சிங்கக்கால், வாத்தின் கழுத்து, வெங்காயக் கட்டு எல்லாம் உளியால் வெட்டி, வண்ணம் ஏற்றினார். முகத்தை வரையும்போது மூக்கு தானாகவே அப்பாவின் மூக்காக வந்தது. அழித்துவிட்டு வரைந்தார். மறுபடியும் அதுவே வந்தது. விட்டுவிட்டார். தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்குக் கோடு மட்டும் போட்டார். முகம் வைக்கவில்லை.

வேண்டுதல் வரியையும் வெட்டினார். பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஆசான் எழுதிக் கொடுத்த சில்லு பக்கத்திலேயே கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அறுபத்தொன்பதாம் நாள் காலையில் நக்தி அடக்கத்துக்குப் பூசாரியை அழைக்க ஆற்றுப் பக்கம் போனார். பென்பூய் தனியாக இருந்தார். பத்தொன்பது வருஷமாக நினைத்துவைத்தது இப்போது கைக்கு வந்துவிட்டது. உளியால் வெட்டினால் ஆசான் வருவதற்குள் முடியாது. தூரிகை போதும். காவிக்கல்லை அரைத்து, வேலம்பிசினில் குழைத்து, பெயர் வரவேண்டிய இடத்தில் அழகாக மூன்று கள்ளுக்குடம் வரைந்தார். ஹெனுத்தின் விரலைப் பிடித்து, இதுதான் உன் புருஷன் பெயர் என்று காட்டினால் முடிந்தது. ஆயுசு முழுக்க அவள் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும்.

வண்ணம் காய்ந்தது. நினைத்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தார்.

நக்தி வந்தார். "முடிந்ததா?"

"முடிந்தது."

"படிக்கட்டுமா?"

"படியுங்கள்."

நக்தி கல்லின் முன் குந்தினார். செத்தவர் கல்லைச் சத்தமாகத்தான் படிக்க வேண்டும். படித்தால்தான் ரொட்டி போய்ச் சேரும்.

"ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் கள், ஆயிரம் காளை, ஆயிரம் வாத்து. இவ்வளவும்..." நிறுத்தினார். "இவ்வளவும் மூன்று கள்ளுக்குடத்துக்கா?"

"ஆமாம்."

"கள்ளுக்குடத்துக்கு எதற்கு ஆயிரம் குடம் கள்?"

பென்பூய் சிரிக்கவில்லை. "எனக்கு அவன் கொடுத்த பெயர். அவனே வைத்துக்கொள்ளட்டும்."

"சரி" என்றார் நக்தி. "முதல் தண்ணீரை ஊற்றுங்கள்."

கல்லைக் கொடுப்பதற்கு முன் அதை முடித்தவரே ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தப் பட்டறையில் அது வழக்கம். இதுவரை ஆசான்தான் ஊற்றி வந்தார்.

"என்னைத் திட்டமாட்டீர்களா, ஆசானே?"

"கல் முடிந்தது என்றீர்கள். முடிந்த கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். உங்கள் அப்பா கல்லுக்கு எப்படி ஊற்றுவீர்கள்?"

"மேலேயிருந்து ஊற்றுவேன். அப்புறம் கட்டைவிரலால் பெயரைத் தேய்ப்பேன். அதாவது, பெயர் என்று அவன் காட்டிய இடத்தை."

"அப்படியே செய்யுங்கள்."

பென்பூய் செம்பை எடுத்து ஊற்றினார். தண்ணீர் வளைவிலிருந்து இறங்கி, அப்பாவின் மூக்கு வைத்த முகத்தின் மேல் ஓடி, வாத்தையும் வெங்காயத்தையும் நனைத்துக் கீழே வந்தது. கட்டைவிரலை வைத்தார். தேய்த்தார். பழகிய கை. அழுத்தமாகத்தான் தேய்க்கும்.

முதல் குடத்தின் வாய் கலைந்தது.

மறுபடியும் ஊற்றினார். தேய்த்தார். மூன்று குடமும் ஒன்றாகக் குழம்பி ஒரு சிவப்புக் கறையாக வழிந்தன. மேலே உளியால் வெட்டிய வரிகளிலும் கொஞ்சம் வண்ணம் போயிருந்தது. ஆனால் எழுத்து எழுத்தாகவே நின்றது.

"பிசின் சரியாகப் பிடிக்கவில்லை" என்றார் பென்பூய்.

"எந்தப் பிசினும் தண்ணீரில் நிற்காது. நம் ஊரில் மழை இல்லை, அதனால் யாருக்கும் இது நினைவில் இருப்பதில்லை."

பென்பூய் விரலை வேட்டியில் துடைக்கப் போனார். பாதியில் நின்றார். விரலைப் பார்த்தார்.

கட்டைவிரல் சிவந்திருந்தது.

கையைக் கழுவிவிட்டு ரொட்டியைத் தொடு என்று மனைவி சொல்வது காதில் கேட்டது. அவள் போயே எட்டு வருஷம் ஆகிறது.

"ஆசானே." விரலை வெயிலில் நீட்டிக் காட்டினார். "முதல் நான்கைந்து வருஷம்தான் விரல் சிவக்கும். அப்புறம் சிவக்கவில்லை. அப்பாவுக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன்."

நக்தி கண்ணை மலைப் பக்கம் திருப்பினார்.

பென்பூய் எழுந்தார். ஊன்றி நடக்கும் தடியைக்கூட எடுக்கவில்லை. மலைப் பாதையில் ஏறினார். நக்தி பின்னாலேயே போனார். ஏற்றத்தில் இரண்டு இடத்தில் பென்பூய் கையால் ஊன்றி ஏற வேண்டியிருந்தது. ஆசான் உதவிக்குக் கை நீட்டவில்லை. இவர் கேட்கவும் இல்லை.

அப்பாவின் கல் புழுதி மூடிக் கிடந்தது. வெட்டிய எழுத்துகளுக்குள் மணல் உட்கார்ந்திருந்தது. கீழே மூன்று கள்ளுக்குடம். அவற்றுக்கு மேலே வழவழவென்று ஒரு வெற்றிடம், சற்றே குழிந்து. ஒரு கட்டைவிரலின் அளவு.

பென்பூய் பழக்கத்தில் விரலை நீட்டினார். நக்தி சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதீர்கள்."

பிடித்தபடியே குனிந்து, வாயால் மெல்ல ஊதினார். புழுதி பறந்தது. வெற்றிடத்தின் ஓரத்தில், கல்லின் விளிம்புப் பட்டி எழும்புகிற மூலையில், கட்டைவிரல் நுழைய முடியாத இடுக்கில், இரண்டு சிறிய சிவப்புக் கோடுகள் இருந்தன. எறும்பின் கால் அளவு.

பென்பூய் இடுப்பிலிருந்து சில்லை எடுத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. இரண்டு வருஷமாக அவர் படித்தது அந்த ஒரு பெயரைத்தான்.

"நாணல் தட்டையின் அடி" என்றார். "என் பெயர் இப்படித்தான் முடியும்."

"ஆமாம்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். கீழே ஊரில் யாரோ கழுதையைத் திட்டினார்கள்.

"எழுதியிருக்கிறான்" என்றார் பென்பூய்.

"யார்?"

"என் தம்பி."

"பெயர் சொல்லுங்கள்."

பென்பூய் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

"கெனா."

பிறகு, கொஞ்சம் பழைய கோபத்தோடு, "அவன் பெயரை மட்டும் உளியால் வெட்டியிருக்கிறான் பாருங்கள். என் பெயருக்கும் ஒரு உளி கிடைக்கவில்லையா?" என்றார்.

"கேட்டிருக்கலாம்."

"பத்தொன்பது வருஷம் இருந்தது" என்றார் பென்பூய்.

இறங்கி வந்தபோது பட்டறை வாசலில் ஹெனுத் நின்றிருந்தாள். "விடிந்தால் அடக்கம். எல்லாம் முடிந்துவிட்டதா, மூத்தவரே?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. பெயர் பாக்கி."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முற்றத்து ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பென்பூய் ஈரத்துணியால் சிவப்புக் கறையைத் துடைத்தார். கவிழ்த்து வைத்த சில்லை நிமிர்த்தினார். தம்பியின் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கல்லில் கோடு போட்டார். தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்கு ஒரு முகம் வரைந்தார். தோளைக் கொஞ்சம் அகலமாக்கினார். அந்த ஆளின் தலைக்கு மேலே இன்னொரு பெயரைக் கோடு போட்டார். அதற்குச் சில்லைப் பார்க்கவில்லை.

உளியை எடுத்தார். சுத்தியலையும் எடுத்தார். இரண்டும் கையில் நின்றன.

"ஆசானே, எவ்வளவு ஆழம் வெட்டட்டும்?"

நக்தி செம்பில் தண்ணீர் நிரப்பிக் கல்லின் பக்கத்தில் வைத்தார்.

"தேய்க்கப் போகிறவர் நீங்கள்தானே, அண்ணே. நீங்களே சொல்லுங்கள்."